வென்செஸ்லாஸ் ஹாலர்: மணிக்கூலிக்குச் செம்பில் வரைந்தவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

17ஆம் நூற்றாண்டு லண்டனைப் பற்றிய எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஏதாவது ஒரு பக்கத்தில் இவர் படம் இருக்கும். பெயர் அடியில் பொடி எழுத்தில் ஒளிந்திருக்கும். படத்தைப் பார்த்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள், பெயரைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். அப்படிப் படித்துவிட்டு ‘யார் இந்த ஆள்?’ என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம்.

யார் இந்த ஹாலர்?

1607 ஜூலையில் பிராக் நகரில் பிறந்தவர். இன்று செக் குடியரசாக இருக்கும் பொஹீமியாவின் தலைநகரம் அது. செக் மொழியில் அவர் பெயர் வாட்ஸ்லாவ் ஹோலார். லத்தீனில் கையெழுத்துப் போடும்போது வென்செஸ்லாஸ் ஹாலர் ஆனார், ஆங்கிலேயர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். 1677 மார்ச் 25 அன்று லண்டனில் இறந்தார். அன்றைய ஆங்கிலேயக் கணக்கில் அதுதான் வருடப்பிறப்பு.

தொழில், செப்புத் தகட்டில் படம் பொறித்து அச்சிடுவது. செய்த படங்கள் 2,700க்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், அதே காலத்தவரான டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இந்த வகையில் செய்தவை ஏறக்குறைய முந்நூறு. எண்ணிக்கையை வைத்துக் கலைஞனை எடைபோடக் கூடாதுதான். ஆனால் ஹாலர் விஷயத்தில் எண்ணிக்கைக்கு ஒரு காரணம் உண்டு. அது கீழே மணல் கடிகாரக் கேள்வியில் வரும்.

பரோக் என்கிற ஆடம்பரக் கலைப்பாணிக் காலத்து ஆள் என்கிறார்கள். படங்களில் அந்த ஆர்ப்பாட்டம் எதுவும் தெரியவில்லையே?

சரியாகத்தான் பார்த்திருக்கிறீர்கள். மேகத்தைக் கிழித்து இறங்கும் தேவதைகள், முறுக்கேறிய உடம்புகள், இருட்டில் பாயும் வெளிச்சம் இதெல்லாம் இவரிடம் அபூர்வம். யாராவது பெரிய ஓவியரின் படத்தைப் பார்த்துப் பொறித்தால் மட்டும் தலைகாட்டும். காலத்தால் பரோக், சுபாவத்தால் கணக்குப்பிள்ளை. எதிரே இருப்பதை எண்ணி, அளந்து, பதிவு செய்கிற ஆள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த நூற்றாண்டில் வானத்தை வரைய ஆயிரம் பேர் இருந்தார்கள். தெருவில் எந்த வீட்டுக்கு எத்தனை ஜன்னல் என்று பார்க்க இவர் ஒருவர் இருந்தது நம் அதிர்ஷ்டம்.

உளியால் செதுக்கினாரா, திராவகத்தால் அரித்தாரா?

பெரும்பாலும் திராவகம்தான். பொதுவாக ‘எங்கிரேவர்’ என்று சொல்லிவிடுகிறார்கள், கறாராகச் சொன்னால் எச்சிங் கலைஞர். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது.

எங்கிரேவிங் நம் ஊர் பத்தர் வளையலில் பேர் வெட்டுவது போன்றது. கூரான சிற்றுளியை உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தள்ளினால் செம்பு சுருள் சுருளாக எழுந்து வரும். கை பழக வருடங்கள் ஆகும், கோடும் கொஞ்சம் விறைப்பாகவே விழும். எச்சிங்கில் உழைப்பை மருந்திடம் விட்டுவிடலாம். நன்றாக மெருகேற்றிய தகட்டைச் சூடாக்கி மெழுகுக் கலவையை மெல்லிசாகப் பூசுவார்கள். பிறகு அதைக் கவிழ்த்துப் பிடித்து, அடியில் மெழுகுவத்திச் சுடரைக் காட்டிக் கரிபிடிக்க வைப்பார்கள். கண்மைக்கு விளக்குக் கரி பிடிக்கிறோமே, அதே வேலை. தகடு கன்னங்கரேலென்று ஆனதும் ஊசியால் வரைய வேண்டும். ஊசி போன வழியெல்லாம் மெழுகு விலகிச் செம்பு மின்னும். கறுப்புத் தாளில் பொன் கோடு இழுத்த மாதிரி இருக்கும். பிறகு வெடியுப்புத் திராவகம். அது திறந்த கோடுகளை மட்டும் அரித்துப் பள்ளமாக்கும்.

இங்கேதான் ஹாலரின் சாமர்த்தியம். வெளிறித் தெரிய வேண்டிய கோடுகள் லேசாக அரிபட்டதும் தகட்டை எடுத்து, அந்த இடங்களை மட்டும் வார்னிஷ் பூசி மூடிவிட்டு, மறுபடி திராவகத்தில் விட வேண்டும். தூரத்து மலைக்கு ஒரு முறை, நடுவில் இருக்கும் மரத்துக்கு இரண்டு முறை, முன்னால் நிற்கும் படகுக்கு மூன்று முறை என்று போகும். அவருடைய ஆற்றங்கரைக் காட்சிகளில் தூரம் பனிமூட்டம் போலக் கரைவது இப்படித்தான்.

கடைசியில் மெழுகைத் துடைத்துவிட்டு மையைத் தேய்த்து, மேல்மட்டத்து மையை வழித்து எடுத்து, ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கு நடுவே தள்ளுவார்கள். கரும்புச்சாறு பிழியும் ஆலையை நினைத்துக்கொண்டால் போதும். பள்ளத்தில் இருக்கும் மையைத் தாள் உறிஞ்சிக்கொண்டு வரும்.

இன்னொன்று: நம் செப்பேடுகளில் எழுத்தை நேராக வெட்டினால் போதும், ஏட்டையே படிக்கலாம். அச்சுத் தகட்டில் எல்லாம் தலைகீழ். வலது இடதாகும். தெருப்பெயர், கையெழுத்து, ஆண்டு எல்லாவற்றையும் கண்ணாடி எழுத்தில் எழுத வேண்டும்.

எப்படி லண்டன் வந்து சேர்ந்தார்?

குடும்பத்தில் யாரும் கலைஞர் இல்லை. அப்பா அரசு உத்தியோகம், பையனை வக்கீலாக்க நினைத்தார். பையன் பள்ளிக்கூட வயதில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தான். அந்தச் சிறுவயது வரைபடங்களை அவர் பத்திரமாக வைத்திருந்ததாக அவரை அறிந்தவரும், அன்றைய மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதிவைத்தவருமான ஜான் ஆப்ரி எழுதியிருக்கிறார்.

1618இல் பிராகில்தான் முப்பதாண்டுப் போர் மூண்டது. 1620இல் வெள்ளைமலைப் போரில் பொஹீமியர்கள் தோற்றார்கள். பழைய குடும்பங்கள் பலவற்றின் சொத்து போயிற்று. 1627இல், இருபது வயதில், ஹாலர் ஊரை விட்டுக் கிளம்பினார். ஸ்டுட்கார்ட், ஸ்ட்ராஸ்பர்க், பிராங்க்பர்ட், கொலோன் என்று ஒவ்வோர் ஊராகத் தங்கி வேலை செய்தார். பிராங்க்பர்ட்டில் நகரக் காட்சிகளுக்குப் பேர்போன மத்தேயஸ் மேரியனின் பட்டறை. ஒரு நகரத்தை எந்த உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும் என்கிற வித்தை அங்கே கிடைத்திருக்கும்.

திருப்பம் 1636இல் கொலோனில். அரண்டல் பிரபு தாமஸ் ஹோவர்ட், இங்கிலாந்து மன்னரின் தூதராகப் புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டைப் பார்க்கப் போகும் வழியில் அங்கே தங்கினார். கலைப்பொருள் சேகரிப்பதில் அவரை மிஞ்ச அன்றைய இங்கிலாந்தில் ஆள் குறைவு. வழிநெடுகக் காட்சிகளை வரைந்து தர ஹாலரைக் கூடவே அழைத்துக்கொண்டார். வேகமாகவும் துடிப்பாகவும் வரைகிற ஒருவன் கிடைத்திருக்கிறான் என்று நூரம்பர்க்கிலிருந்து கடிதமும் எழுதினார். போரில் பாழடைந்த ஊர்கள் வழியாக ரைன், டான்யூப் நதிகளோடு போன பயணம் அது. வழியில் பிராகும் வந்தது. ஒன்பது வருடம் கழித்துச் சொந்த ஊரைப் பார்த்த ஹாலர், அன்று எடுத்த குறிப்புகளை வைத்துப் பிராகின் நீண்ட காட்சியை 1649இல்தான் பொறித்து வெளியிட்டார். பதின்மூன்று வருடம் பையிலேயே இருந்த ஊர்.

1636 கடைசியில் லண்டன். அரண்டல் மாளிகையில் இடம். 1641இல் மார்கரெட் டிரேசியுடன் கல்யாணம்.

அந்த ரோமத் துணி படம் என்ன? இணையத்தில் அடிக்கடி கண்ணில் படுகிறதே?

அதன் பெயர் மஃப். இரண்டு பக்கமும் திறந்த ரோமக் குழாய். குளிர்காலத்தில் பெண்கள் கைகளை இரண்டு பக்கமும் நுழைத்துக்கொள்வார்கள். 1640களில் ஹாலர் இதை மட்டும் திரும்பத் திரும்பப் பொறித்தார். ஒன்றில் மஃப் தனியாகக் கிடக்கும். இன்னொன்றில் கையுறை, விசிறி, முகமூடி, சரிகைக் கைக்குட்டை எல்லாவற்றோடும் மேசைமேல் குவிந்து கிடக்கும். மனிதர்கள் கிடையாது. அந்தக் கைகள் எங்கே போயின என்று தோன்றும்.

பெரிதாக்கிப் பாருங்கள், உண்மையிலேயே ஒரு மணிநேரம் போகும். மஃபுக்கு வெளிக்கோடே இல்லை. ஓரத்தில் ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக வெள்ளைத் தாளுக்குள் போய் முடிகிறது. நடுவில் ரோமம் மடிகிற இடத்தில் குட்டிக் குட்டிக் கோடுகள் திசை மாறுகின்றன, கையால் தடவி எதிர்ப்பக்கம் சாய்த்துவிட்ட மாதிரி. மினுமினுப்பு எங்கே வேண்டுமோ அங்கே அவர் எதுவுமே செய்யவில்லை. வெறும் தாள்தான் மினுங்குகிறது. திராவகம் முரட்டு ஆசாமி, கொஞ்சம் ஏமாந்தால் பக்கத்துக் கோட்டையும் சேர்த்துத் தின்றுவிடும். அதை வைத்துக்கொண்டு இவ்வளவு பட்டுப்போன்ற ரோமம் எடுத்த இன்னொருவரை எனக்குத் தெரியாது.

பெண்களின் உடைகளை நிறைய வரைந்திருக்கிறாராமே?

ஆமாம். 1640இல் வந்த ஒரு தொகுப்பில் 26 படங்கள். சீமாட்டி முதல் சமையல்காரி வரை ஆங்கிலேயப் பெண்கள் என்ன உடுத்தினார்கள் என்று காட்டும். உடை வரலாறு எழுதுபவர்களுக்கு இன்றும் இதுதான் கைமுதல்.

எனக்குப் பிடித்தது 1643–44இல் வந்த நான்கு பருவங்கள். நான்கு பெண்கள், நான்கு பருவ உடைகள். குளிர்காலப் பெண் முகமூடி போட்டு, மஃபுக்குள் கையை விட்டு நிற்கிறாள். பின்னால் கார்ன்ஹில் தெரு. அவள் ரோமம் போர்த்தியிருப்பது குளிருக்காகத்தான், கல்நெஞ்சத்தால் இல்லை என்று அடியில் ஒரு குறும்பான செய்யுள். இங்கிலாந்தில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தபோது வந்த படம் இது.

சங்குப் படங்கள்?

மொத்தம் 38. ஒரு தகட்டுக்கு ஒரு சங்கு அல்லது சோழி, பின்னணி கிடையாது, எழுத்து கிடையாது. ஏறக்குறைய 1646ஐ ஒட்டிச் செய்தவை. அதே சமயத்தில் பூச்சிகள், வண்டுகள், செத்த அகழெலி ஒன்று, ஒரு பூனையின் தலை எல்லாம் தகட்டில் ஏறின.

இங்கே ஒரு கிளைக்கதை, நம் ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். 1650இல் ரெம்பிராண்டும் ஒரே ஒரு சங்கு பொறித்தார். ஹாலரின் சங்குகளைப் பார்த்துத்தான் அந்த ஆசை வந்திருக்கும் என்பார்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிபோட்ட அழகான சங்கு. கையெழுத்தைக் கண்ணாடி எழுத்தில் சரியாகத் தலைகீழாக எழுதியவர், சங்கைத் தலைகீழாக்க மறந்துவிட்டார், அல்லது கவலைப்படவில்லை. அச்சில் அதன் சுழி எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. சாதாரணச் சங்கு வலம்புரியாகிவிட்டது. நம் ஊரில் என்றால் பூஜை அறைக்கே போயிருக்கும்.

லண்டன் நெடுங்காட்சியில் ஒரு பிழை இருக்கிறதாமே?

இருக்கிறது, உலகப் புகழ்பெற்ற பிழை. தேம்ஸ் நதியின் தென்கரையில், இன்று சதர்க் கதீட்ரல் என்று அழைக்கப்படும் தேவாலயத்தின் கோபுரத்திலிருந்து பார்த்த காட்சி அது. வளைந்து போகும் ஆறு, பாலத்தின் மேலே வரிசையாக வீடுகள், எதிர்க்கரையில் ஊசி ஊசியாக தேவாலயக் கோபுரங்கள். தாள்களை ஒட்டி வைத்தால் இரண்டு மீட்டருக்கு மேல் நீளும்.

இதைப் பொறிக்கும்போது அவர் லண்டனில் இல்லை. அரண்டல் பிரபு போரைத் தவிர்த்து வெளிநாடு போய்விட, ஹாலரும் 1644இல் ஆண்ட்வெர்ப் போய்ச் சேர்ந்தார். கையில் பழைய பென்சில் குறிப்புகள். அவற்றை வைத்து வேலை செய்து 1647இல் வெளியிட்டார். தென்கரையில் இரண்டு வட்டமான கட்டடங்கள் அருகருகே இருந்தன. ஒன்று ஷேக்ஸ்பியரின் குழு நடித்த குளோப் நாடக அரங்கு, மற்றது கரடியை நாய்களோடு மோதவிட்டு வேடிக்கை பார்க்கும் கூடம். பெயர் எழுதும்போது இரண்டும் இடம் மாறிவிட்டன. நாடக அரங்குக்கு மேலே கரடிக்கூடம் என்றும், கரடிக்கூடத்துக்கு மேலே குளோப் என்றும் அச்சாகிவிட்டது.

கட்டடங்களை அவர் தப்பாக வரையவில்லை, பெயர்தான் மாறிப்போனது. அச்சுக்கு முன்னால் அவர் வரைந்த ஓவியம் இன்று யேல் பல்கலைக்கழகத்தின் பிரிட்டிஷ் கலை மையத்தில் இருக்கிறது. பென்சிலில் வரைந்து மேலே மை போட்டிருக்கிறார். குளோப் 1644இல் இடிக்கப்பட்டுவிட்டதால், படம் வெளியானபோது அந்த இடத்தில் அரங்கே இல்லை. 1997இல் லண்டனில் புதிதாகத் திறந்த குளோப்பைத் திட்டமிட்டபோது ஆய்வாளர்கள் இந்த ஓவியத்தைத்தான் கோணம் வாரியாக அளந்து பார்த்தார்கள்.

மணல் கடிகாரக் கதை உண்மையா?

அவரோடு பழகிய பிரான்சிஸ் பிளேஸ் என்பவர் பிற்காலத்தில் ஜார்ஜ் வெர்ட்யூ என்ற இன்னொரு கலைஞருக்கு எழுதிய கடிதத்தில் இருப்பது, அதனால் நம்பலாம். ஹாலர் படத்துக்கு விலை பேசமாட்டார். மணிக்கணக்கில் கூலி. மேசைமேல் மணல் கடிகாரம் இருக்கும். யாராவது பார்க்க வந்து பேச்சு நீண்டால், கடிகாரத்தைப் படுக்க வைத்துவிடுவார். மணல் நின்றுவிடும். வந்தவர் போனதும் மறுபடி நிமிர்த்துவார். பேசின நேரத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

கூலி மணிக்கு 12 பென்னி, அதாவது ஒரு ஷில்லிங் என்கிறார் பிளேஸ். வேறு பழைய குறிப்புகளில் நான்கு பென்னி என்றும் வருகிறது. புத்தக வியாபாரிகள் அவரை நன்றாகப் பிழிந்தார்கள். கிரீன்விச்சின் பெரிய காட்சி ஒன்றுக்குப் பீட்டர் ஸ்டென்ட் என்ற படவியாபாரி கொடுத்தது 30 ஷில்லிங் என்பார்கள். நான்கு பென்னிக் கணக்கில் அது 90 மணிநேரக் கூலி. தகடு வியாபாரி கையில் போய்விடும், அதிலிருந்து எத்தனை பிரதி எடுத்தாலும் ஹாலருக்கு மேற்கொண்டு ஒரு காசு வராது. இப்போது அந்த 2,700 புரிகிறது இல்லையா? நேரத்தை விற்றவருக்கு நிறுத்த வழியில்லை.

அந்த ஏற்பாட்டில் ஒரு சௌகரியமும் இருந்தது என்று எனக்குத் தோன்றும். படத்துக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் ரோமத்தில் அவசரம் தெரிந்திருக்கும்.

கண்பார்வை எப்படி?

கிட்டப்பார்வை என்கிறார் ஆப்ரி. அவர் பொறித்ததை முழுதாக ரசிக்கக் கண்ணாடி வேண்டும் என்றும் சொல்கிறார். இடது கண்ணில் குறை இருந்ததால் வேலை செய்யும்போது அதைக் கையால் மறைத்துக்கொள்வார் என்பது வெர்ட்யூ குறித்துவைத்த செய்தி.

பழைய செயின்ட் பால் தேவாலயம் நமக்குத் தெரிவதே இவரால்தான் என்கிறார்களே?

கிட்டத்தட்ட அப்படித்தான். இப்போது லண்டனில் குவிமாடத்தோடு நிற்பது 1666இல் நகரத்தை எரித்த பெருந்தீக்குப் பிறகு கிறிஸ்டோபர் ரென் கட்டியது. அதற்கு முன்னால் அங்கே இருந்தது இடைக்காலத்துப் பெரும் தேவாலயம். உள்நாட்டுப் போருக்குப் பின் மன்னராட்சி ஒழிந்த நாட்களில் அதற்குள் குதிரைப்படையைக் கட்டிவைத்தார்கள். கூரை விழும் நிலை. வில்லியம் டக்டேல் என்ற வரலாற்றாளர் எல்லாம் போவதற்குள் எழுதிவைத்துவிட வேண்டும் என்று பதறி ஒரு நூல் எழுதினார். 1652இல் லண்டன் திரும்பியிருந்த ஹாலர் அதற்குப் படங்கள் பொறித்தார். நூல் 1658இல் வந்தது.

கல்லறைகள், ஜன்னல்கள், வெளித்தோற்றம் என்று வரிசையாக வரும். என்னை நிறுத்திவைப்பது உள்மண்டபத்தின் காட்சி. இரண்டு பக்கமும் தூண்கள் சுருங்கிச் சுருங்கிக் கண்ணுக்கு எட்டாத தூரம் போகின்றன. தரை துடைத்துவைத்த மாதிரி இருக்கிறது. குதிரை இல்லை, சாணம் இல்லை, இடிபாடு இல்லை. அடியில் லத்தீனில் அவரே பேசுகிறார். தினம் தினம் விழுந்துவிடுமோ என்று காத்திருக்கும் இந்தத் தேவாலயத்தை வரைந்தவனும், ஒரு காலத்தில் பார்த்து வியந்தவனுமான பொஹீமியன் வென்செஸ்லாஸ் ஹாலர் அதன் நினைவை இப்படிக் காத்துவைத்தான், 1658 என்பது அதன் பொருள். எட்டு வருடம் கழித்து எரிந்தே போயிற்று.

1666 தீயின்போது என்ன செய்தார்?

முந்தின வருடம் பிளேக் நோயில் மகன் இறந்திருந்தான். கெட்டிக்காரப் பையன், அழகாக வரைவான் என்கிறார் ஆப்ரி. செப்டம்பர் 2ஆம் தேதி பேக்கரி ஒன்றில் பற்றிய தீ நாலைந்து நாளில் சுவருக்குள் இருந்த நகரத்தின் பெரும்பகுதியைத் தின்றது. தீ அடங்கிய கையோடு நகரத்தை அளக்கும் வேலையில் ஹாலர் இறங்கினார்.

அந்த வருடமே இரண்டு விஷயங்கள் வந்தன. ஒன்று, மேலே தீக்கு முன், கீழே தீக்குப் பின் என்று ஒரே கோணத்தில் இரண்டு காட்சிகள். மேலே இருக்கும் ஒவ்வொரு கோபுரத்துக்கும் கீழே நேராக அதன் எலும்புக்கூடு. மற்றொன்று வரைபடம். எரியாத பகுதிகளில் வீடு வீடாக நெருக்கிப் பொறித்துவிட்டு, எரிந்த பகுதியை வெள்ளையாக விட்டுவிட்டார். வெற்றிடமெல்லாம் எரிந்த இடம் என்று தலைப்பிலேயே எழுதியிருக்கும். செப்புத் தகட்டில் வெள்ளை என்றால் ஊசியே படாத இடம். ஒரு நகரத்தை முப்பது வயது தொட்டு வரைந்தவர் அதை வரையாமல் விட வேண்டியிருந்தது.

சோகம் என்னவென்றால், அதற்கு முன்னாலேயே பத்தடிக்கு ஐந்தடி அளவில் லண்டனின் மாபெரும் வரைபடம் ஒன்றை அவர் தொடங்கியிருந்தார். தெருத்தெருவாகப் பறவைப் பார்வையில். அது முடியவே இல்லை. மேற்கு லண்டனின் ஒரு தாள் மட்டும் தப்பி, பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது.

அரசாங்க வேலை எதுவும் கிடைக்கவில்லையா?

இரண்டாம் சார்லஸ் அவருக்கு ‘அரசரின் காட்சி ஓவியர்’ என்று பட்டம் கொடுத்தார். பட்டத்தோடு பெரிதாகப் பணம் வரவில்லை. 1669இல் வட ஆப்பிரிக்காவில் ஆங்கிலேயர் வசமிருந்த டான்ஜியர் கோட்டையை வரைய அனுப்பினார்கள். திரும்பும்போது அவர் ஏறிய ‘மேரி ரோஸ்’ கப்பலை அல்ஜீரியக் கொள்ளையரின் ஏழு கப்பல்கள் வளைத்துக்கொண்டன. கப்பல் தப்பித்தது. ஹாலருக்கு அறுபதைத் தாண்டிய வயது. கரையேறியதும் அந்தச் சண்டையையும் தகட்டில் பொறித்துவிட்டார், ஏழு எதிரிக் கப்பல்களோடு சேர்த்து. இந்தப் பயணத்துக்குக் கிடைத்த மொத்தத் தொகை நூறு பவுண்டு.

அவர் முகம் எப்படி இருக்கும்?

1649இல் ஆண்ட்வெர்ப்பில் வந்த படம் ஒன்று உண்டு, யான் மேய்சன்ஸ் வரைந்ததை ஹாலரே பொறித்தார். மெலிந்த முகம், தோளில் விழும் முடி. கையில் தான் பொறித்த தகடு. மேசைமேல் தொழில் சாமான்கள், திராவகப் புட்டி. ஜன்னலுக்கு வெளியே தெரிவது ஆண்ட்வெர்ப் இல்லை, பிராக் கோட்டை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் விட்டுவந்த ஊரை ஜன்னலில் மாட்டியிருக்கிறார். ஐம்பது வயதில், லண்டனில், செயின்ட் பால் படத்திலும் ‘பொஹீமியன்’ என்றுதானே போட்டுக்கொண்டார்?

1652இல் லண்டன் திரும்பியபோது, முன்பு ஏழை பணக்காரர் எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள், இப்போது பேய் பிடித்த மாதிரி முகங்கள் மாறிவிட்டன, கடுகடுப்பும் வெறுப்புமாக இருக்கின்றன என்று ஆப்ரியிடம் சொன்னாராம். ரோமத்தைப் பார்த்த அதே கண்.

வறுமையில் செத்தார் என்பது?

பணக்காரராகச் சாகவில்லை என்பது நிச்சயம். மிக நல்ல மனிதர், உலக விவகாரம் தெரியாதவர் என்று ஆப்ரி எழுதுகிறார். கடைசி நாளில் கடனுக்காக ஜப்தி செய்ய ஆட்கள் வீட்டுக்கு வந்தார்களாம். படுத்திருக்கும் கட்டிலை மட்டும் விட்டுவிடுங்கள், இதிலிருந்து நேரே கல்லறைக்குத்தான் போகப் போகிறேன் என்று கேட்டுக்கொண்டாராம். பின்னால் வந்தவர்கள் சொன்ன கதை. வெஸ்ட்மின்ஸ்டரில் செயின்ட் மார்கரெட் தேவாலய வளாகத்தில் புதைத்தார்கள்.

படங்களை எங்கே பார்க்கலாம்?

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிஷர் நூலகம் தன்னிடமுள்ள பெரிய ஹாலர் தொகுப்பை இணையத்தில் போட்டிருக்கிறது. பெரிதாக்கிப் பார்க்கலாம், காசு கிடையாது. பிரிட்டிஷ் மியூசியம், விண்ட்சரில் உள்ள அரச சேகரிப்பு, பிராகின் தேசியக் கலைக்கூடம் ஆகியவற்றிலும் நிறைய உண்டு.

ஏலத்தில் ஒரு ஹாலர் வந்தது. நல்ல பிரதியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தகடு அச்சிட அச்சிடத் தேயும். அவர் இறந்த பிறகும் வியாபாரிகள் அவருடைய தகடுகளை மாற்றி மாற்றி வாங்கி அச்சிட்டார்கள். அதனால் ‘உண்மையான ஹாலர்’ என்ற பேச்சு மட்டும் போதாது. தாளின் ஓரத்தில் விரலை ஓட்டுங்கள். தகட்டின் விளிம்பு அழுந்திய தடம் நெருட வேண்டும், ஆனால் ஓரத்தை வெட்டிவிட்ட பிரதிகளில் அது இருக்காது. பிறகு லென்ஸை எடுத்து, அதிகம் அரிபடாத இடங்களைப் பாருங்கள், ஏனென்றால் ஆழம் குறைந்த கோடுதான் முதலில் காணாமல் போகும். ஊர்க்காட்சி என்றால் தூரத்து மலை. மஃப் என்றால் ரோமத்தின் ஓரம். நல்ல பிரதியில் அந்த நுனிகள் ஒவ்வொன்றாகத் தாளுக்குள் கரையும். தேய்ந்த பிரதியில் நுனிகள் போய், நடுவில் இருக்கும் கறுப்பு மட்டும் திட்டாக நிற்கும்.